ஓதம் வரும், உப்பு வராது

அமெரிக்காவின் ஹட்சன் ஆறு நியூயார்க் துறைமுகத்தில் கடலில் சேர்கிறது. அங்கிருந்து ஆற்றோடு மேலே சுமார் 240 கிலோமீட்டர் போனால் டிராய் என்ற ஊரில் ஒரு அணை குறுக்கே நிற்கும். அந்த அணை வரைக்கும் ஆற்றின் தண்ணீர் நாளுக்கு இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்குகிறது. ஆனால் அந்தத் தண்ணீரை அள்ளி வாயில் வைத்தால் உப்பு கரிக்காது. கடலின் உப்பு பெரும்பாலான நாட்களில் பாதித் தூரம்கூட வருவதில்லை, கடலின் ஓதம், அதாவது கடல்மட்டத்தின் இந்த ஏற்ற இறக்கம், மட்டும் முழுத் தூரமும் வந்துவிடுகிறது.

இது எப்படி என்று கேட்டால் பதில் எளிதுதான். ஓதம் ஒரு அலை. மிக நீளமான, மெதுவான அலை. அலை போகும் தூரத்துக்குத் தண்ணீர் போகவேண்டிய அவசியம் இல்லை, அது இருந்த இடத்திலேயே சில கிலோமீட்டர் முன்னும் பின்னும் அசைந்தால் போதும். உப்பு அப்படியல்ல, தண்ணீர் தூக்கிக்கொண்டு வந்தால்தான் வரும், எதிரே ஆறு இடைவிடாமல் தள்ளிக்கொண்டிருப்பதால் ஓரிடத்தில் நின்றுவிடும். உப்பு நிற்கும் இடத்துக்கும் ஓதம் நிற்கும் இடத்துக்கும் நடுவே ஒரு நீளமான ஆற்றுப் பகுதி மிஞ்சுகிறது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு என்றால், இங்கே அரை கிராமுக்கும் குறைவு. இந்தப் பகுதியின் கரைகளில் உருவாகும் சதுப்புகளைத்தான் ஓத நன்னீர்ச் சதுப்புகள் என்கிறார்கள்.

அமெரிக்கக் கிழக்குக் கரையில் டெலவேர் ஆறு, செசபீக் விரிகுடாவில் விழும் ஆறுகள், ஜார்ஜியாவின் அல்டமஹா, ஐரோப்பாவில் ஷெல்ட், எல்பே, கனடாவில் செயின்ட் லாரன்ஸ் என்று இவை பரவிக் கிடக்கின்றன. வெப்ப மண்டலத்தில் கதை வேறு. சுந்தரவனத்தின் மேல்பகுதியிலும் அமேசானிலும் இதே மாதிரி நிலத்தை மரங்கள் பிடித்துக்கொள்கின்றன. அமேசானில் ஓதத்தின் அசைவு கடலிலிருந்து சுமார் 800 கிலோமீட்டர் உள்ளே ஒபிடோஸ் வரை தெரியும். நான் இங்கே சொல்லப்போவது மிதவெப்ப நாடுகளில் புல்லும் பூண்டும் ஆளும் சதுப்புகளைப் பற்றி மட்டும்.

உப்புச் சதுப்பில் நின்று பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே புல். ஸ்பார்ட்டினா என்ற கோரை போன்ற புல், அதற்கு மேலே இன்னொரு வகை, அவ்வளவுதான், ஒரு கையின் விரல்களுக்குள் எண்ணி முடித்துவிடலாம். நன்னீர்ச் சதுப்பில் அதே பரப்புக்குள் ஐம்பது இனங்கள் இருந்தாலும் ஆச்சரியமில்லை. உப்பு இல்லை, அதனால் வாழ்க்கை சுலபம், அதனால் எல்லாச் செடிகளும் வந்துவிட்டன என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். இது பாதிதான் சரி.

மீதிப் பாதியைக் காட்டியது 2004இல் கெய்ட்லின் கிரெய்னும் அவருடைய கூட்டாளிகளும் வெளியிட்ட ஒரு சோதனை. அமெரிக்காவின் வடகிழக்கிலுள்ள நியூ இங்கிலாந்து கழிமுகங்களில் அவர்கள் செடிகளை இடம் மாற்றி நட்டார்கள். நன்னீர்ச் செடிகளை உப்புச் சதுப்பில் நட்டபோது, சுற்றிலும் போட்டிக்கு ஆள் இல்லாமல் இடத்தைச் சுத்தம் செய்து கொடுத்தும் அவை தாங்கவில்லை. இது எல்லோரும் எதிர்பார்த்ததுதான். உப்புச் செடிகளை நன்னீரில் நட்டபோதுதான் சுவாரஸ்யம்: பக்கத்துச் செடிகளை அகற்றிவிட்டால் அவை அங்கே நன்றாகவே வளர்ந்தன, பல இனங்கள் சொந்த இடத்தைவிடச் செழிப்பாக. பக்கத்துச் செடிகளை விட்டுவைத்தால் நசுங்கிப் போயின. ஆக, ஸ்பார்ட்டினா உப்பை விரும்பி அங்கே குடியிருக்கவில்லை, நன்னீரில் இடம் கிடைக்காமல் அங்கே ஒதுங்கியிருக்கிறது. நன்னீர்ச் சதுப்பு சுலபமான இடம் என்ற எண்ணத்தை இங்கேயே விட்டுவிடலாம். அங்கே உப்பின் வேலையை அண்டைச் செடிகள் செய்கின்றன.

சரி, இவ்வளவு போட்டி இருந்தும் ஒரே ஒரு முரடன் எல்லாவற்றையும் விழுங்காமல் ஐம்பது இனங்கள் எப்படிப் பிழைக்கின்றன? என் பார்வையில் இதற்கு விடை நேரம். எவ்வளவு நேரம் தண்ணீருக்குள் இருக்கிறாய், ஆண்டின் எந்த வாரத்தில் எழுந்து நிற்கிறாய் என்ற இரண்டு கணக்குகள். இந்தச் சதுப்பில் நடப்பது எல்லாவற்றையும் இந்த இரண்டிலிருந்தே ஓரளவுக்குப் புரிந்துகொள்ளலாம்.

முதலில் நாளின் கணக்கு. ஆற்றின் ஓடையிலிருந்து கரை நோக்கி நடந்தால் நிலம் மெல்ல உயர்கிறது. ஒரு சாண் உயர்ந்தால் தண்ணீருக்குள் இருக்கும் நேரம் சில மணி குறையும். ஓடையை ஒட்டிய தாழ்ந்த சேற்றில் நூஃபர் நிற்கும், அல்லிக் குடும்பம், மஞ்சள் பூ, தடித்த இலை. உயர் ஓதத்தில் முழுக்க மூழ்கும், தாழ் ஓதத்தில் சேற்றின் மேல் இலைகளை நிமிர்த்திக்கொண்டு நிற்கும். சதுப்புச் சேற்றில் ஆக்சிஜன் மேல்தோலுக்குக் கீழே சில மில்லிமீட்டரோடு தீர்ந்துவிடும், ஆனால் நூஃபரின் கிழங்குத் தண்டோ ஆளின் கை மொத்தத்தில் அந்தச் சேற்றுக்குள் படுத்திருக்கிறது. அது மூச்சுவிட ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறது. வெயிலில் சூடாகும் இளம் இலைகளுக்குள் காற்றழுத்தம் சற்றே கூடும், அந்த அழுத்தம் காற்றைக் காம்பு வழியாகக் கீழே கிழங்குக்குத் தள்ளும், அங்கிருந்து முதிர்ந்து ஓட்டையாகிப்போன பழைய இலைகள் வழியாக அது வெளியேறும். 1980 வாக்கில் ஜான் டேசி இதை அளந்தபோது ஒரு இலைக்காம்பு வழியே ஒரே நாளில் 20 லிட்டருக்கு மேல் காற்று இறங்குவதாகத் தெரிந்தது. அவர் அளந்தது ஏரியில் வளர்ந்த நூஃபரை, ஆனால் செடியின் உள்ளமைப்பு இங்கேயும் அதுதான்.

நூஃபருக்குச் சற்று மேலே பெல்டாண்ட்ரா. இது சேம்புக் குடும்பம், அம்புமுனை வடிவ இலை, பல்லில் பட்டால் ஊசி குத்துகிற மாதிரி எரிய வைக்கும் ஆக்சலேட் படிகங்கள் உடம்பு முழுக்க. அதனோடு பொன்டடேரியா, ஆகாயத்தாமரையின் நெருங்கிய உறவு, ஆனால் மிதக்காமல் வேரூன்றி நிற்பது. இந்தத் தாழ்ந்த மட்டத்தில் இனங்கள் குறைவு. இன்னும் கொஞ்சம் ஏறி, ஓதம் நாளில் சில மணி நேரம் மட்டும் தொட்டுவிட்டுப் போகும் மேல் சதுப்புக்கு வந்தால் கூட்டம் கூடிவிடும்: காசித்தும்பை இனத்தைச் சேர்ந்த ஆரஞ்சுப் பூச் செடி, ஆற்றலரிகள், சூரியகாந்திக் குடும்பத்தின் பைடன்ஸ், ஆளுயரத் தண்டுக்கீரை இனம் ஒன்று, வசம்பு, சம்பு, செம்பருத்தி இனத்தின் வெளிர் இளஞ்சிவப்பு மலர், அப்புறம் இவை எல்லாவற்றின் மேலும் ஏறிப் பின்னிக்கொள்ளும் அம்மையார் கூந்தல். பாடப்புத்தகப் படங்களில் இந்த மட்டங்களைக் கோடு போட்டுப் பிரித்துக் காட்டுவார்கள். நேரில் பார்த்தால் அப்படிக் கோடு எதுவும் கிடையாது. ஓடைக்கரையில் வண்டல் படிந்து ஒரு சிறு மேடு இருக்கும், அதற்குப் பின்னால் நிலம் தாழ்ந்திருக்கும், அங்கே மறுபடி பெல்டாண்ட்ரா. ஒரே இனம் மூன்று மட்டங்களிலும் தலைகாட்டும்.

அடுத்தது ஆண்டின் கணக்கு, எனக்கு அதிகம் பிடித்தது இதுதான். டெலவேர் ஆற்றில் நியூ ஜெர்சியின் டிரென்டன் அருகே ஹாமில்டன் சதுப்பு இருக்கிறது. ஓதம் போகும் எல்லையின் கடைசிப் பகுதி, ஆனாலும் தண்ணீர் இரண்டு மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். 1970களிலிருந்து மேரி லெக், ராபர்ட் சிம்ப்சன், டென்னிஸ் விகம் போன்றவர்கள் அங்கே வேலை செய்ததால் உலகில் மிக நன்றாகத் தெரிந்த ஓத நன்னீர்ச் சதுப்புகளில் அது ஒன்று. மார்ச் மாதத்தில் அந்தச் சதுப்பைப் பார்த்தால் வெறும் சேறு, சில காய்ந்த சம்புத் தண்டுகள் தவிர ஒன்றும் இருக்காது. ஏப்ரலில் பெல்டாண்ட்ராவும் வசம்பும் நூஃபரும் எழும். இவை பல்லாண்டுச் செடிகள், போன ஆண்டின் மாவுச்சத்தைச் சேற்றுக்குள் கிழங்கில் சேர்த்து வைத்திருப்பதால் சூரியனைக் கேட்காமலே கிளம்பிவிடும். ஜூனுக்குள் அவை உச்சத்துக்குப் போய்விடும்.

அவற்றின் காலடியில் அதே ஏப்ரலில் முளைத்த ஓராண்டுச் செடிகள் அதுவரை நிழலில் காத்துக்கிடக்கும். கோடை நடுவில் பெல்டாண்ட்ராவின் இலைகள் மஞ்சளாகிச் சரியத் தொடங்கும்போது இவை மேலே வரும். ஜூலை, ஆகஸ்டில் காட்டு அரிசி மூன்று மீட்டர் உயரத்துக்குப் போய்விடும். ஆற்றலரிகளில் ஒன்று தண்டு முழுக்கத் தலைகீழ் முள் வைத்திருக்கும், நேராக நிற்கத் தெம்பில்லாததால் அடுத்தவர் மேல் அந்த முட்களைக் கொக்கியாக மாட்டி ஏறும். அரைக்கால் சட்டையோடு உள்ளே போகிறவர் தொடையில் அது எழுதிவிட்டுப் போகும். செப்டம்பரில் எல்லாம் சாயத் தொடங்கும் சமயத்தில் பைடன்ஸ் பூத்துச் சதுப்பு முழுவதும் மஞ்சளாகும். ஒரே சேற்றில் ஆறே மாதத்தில் மூன்று தனித்தனிக் காடுகள் வந்து போகின்றன. மே மாதத்தில் போய்ப் பட்டியல் எழுதினவரும் செப்டம்பரில் போய் எழுதினவரும் வேறு வேறு இடத்துக்குப் போனவர்கள் போலத்தான் பேசுவார்கள், இரண்டு பட்டியலும் சரிதான்.

உப்புச் சதுப்பில் இந்த மாதிரி முறை வைத்து மாறுவது கிடையாது. அங்கே பல்லாண்டுப் புல் நிலத்தைப் பிடித்தால் பிடித்ததுதான். இங்கே ஓராண்டுச் செடிகளுக்கு இவ்வளவு இடம் கிடைப்பதற்குக் காரணம், குளிர்காலத்தில் நிலம் காலியாகிவிடுவது. பெல்டாண்ட்ரா, நூஃபர் இலைகளில் நார் குறைவு, நைட்ரஜன் அதிகம். இறந்த சில வாரங்களில் கூழாகி ஓதத்தோடு போய்விடும். ஸ்பார்ட்டினாவின் காய்ந்த தாள் மாதக்கணக்கில் நின்றுகொண்டு முளைகளுக்கு வெளிச்சம் விடாமல் மறைக்கும், இங்கே அப்படி மறைக்க ஒன்றும் மிஞ்சுவதில்லை. ஒவ்வொரு வசந்தத்திலும் திறந்த சேறு, முழு வெளிச்சம். ஒரு சதுர மீட்டரில் ஆண்டுக்கு ஒரு கிலோவுக்கு மேல் உலர்ந்த தாவரப்பொருள் விளைகிற நிலம், ஜனவரியில் பார்த்தால் ஒன்றுமே விளையாத இடம் போல் இருக்கும்.

காலியான நிலத்தை யார் பிடிப்பது என்பதை விதை தீர்மானிக்கிறது. லெக் சேற்றை எடுத்து வந்து தட்டுகளில் பரப்பிப் பசுமைக்குடிலில் வைத்து, முளைத்ததையெல்லாம் எண்ணினார். ஒரு சதுர மீட்டர் சேற்றில் முளைக்கத் தயாராக ஆயிரக்கணக்கான விதைகள். ஆனால் கவனிக்கவேண்டியது எண்ணிக்கையைவிட ஆயுள். பல நிலங்களில் விதைகள் மண்ணுக்குள் பத்து இருபது ஆண்டுகள் தூங்கும், கெட்ட ஆண்டு வந்தால் வங்கிக் கணக்கிலிருந்து எடுப்பது போல எடுத்துச் சமாளிக்கலாம். இந்தச் சதுப்பின் முக்கியமான ஓராண்டுச் செடிகள் பலவற்றுக்கு அந்த வசதி கிடையாது. காசித்தும்பையின் உறவான அந்த ஆரஞ்சுப் பூச்செடியின் விதை குளிர்காலம் முழுக்க நனைந்து குளிர்ந்து, வசந்தத்தில் கிட்டத்தட்ட மொத்தமும் ஒரே தவணையில் முளைத்துவிடும். அடுத்த ஆண்டுக்கென்று மண்ணில் எதுவும் பெரிதாக மிஞ்சாது.

காட்டு அரிசி இதில் இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஒரு செடியைப் பிடித்து அதன் கதையை முழுசாகப் பார்க்கலாம். பூங்கொத்தின் மேல்பாதியில் பெண் பூக்கள், கீழ்ப்பாதியில் ஆண் பூக்கள். பெண் பூக்கள் முந்தி விரிந்துவிடுவதால் தன் மகரந்தமே தன் மேல் விழுவது பெரும்பாலும் தவிர்ந்துபோகும். மணிகள் எல்லாம் ஒரே நாளில் பழுக்காது, பழுக்கப் பழுக்க ஒவ்வொன்றாக உதிரும். ஒவ்வொரு மணிக்கும் பின்னால் நீளமான சொரசொரப்பான வால். விழும்போது கனமான முனை கீழே, வால் மேலே, அம்பு மாதிரி நேராகச் சேற்றில் குத்திக்கொள்ளும். வாலில் உள்ள நுண்முட்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்திருப்பதால் தண்ணீரின் அசைவு அதை மேலே இழுக்காது, இன்னும் கீழேதான் இறக்கும். அந்த மணியைக் காயவிட்டால் அது செத்துவிடும். மூன்று மாதமாவது குளிர்ந்த நீரில் கிடந்தால்தான் முளைக்கும். முளைத்ததும் முதல் இலைகள் ரிப்பன் போல நீருக்கடியில், அடுத்தவை நீர்ப்பரப்பில் படுத்து மிதக்கும், அதற்குப் பிறகுதான் செடி நிமிரும். வேர் சரியாகப் பிடிக்காத அந்த மிதக்கும் சில வாரங்களில் ஒரு வாத்து லேசாக இழுத்தாலே முழுச் செடியும் வேரோடு வந்துவிடும்.

அதுதான் மேரிலாந்தில் பட்டுக்சென்ட் ஆற்றின் ஜக் பே பகுதியில் நடந்தது. கனடா வாத்து அங்கே காலம்காலமாகக் குளிர்காலத்துக்கு வந்து வசந்தத்தில் வடக்கே போய்விடும் பறவை. மனிதர்கள் கொண்டுவந்து வளர்த்த கூட்டத்திலிருந்து வந்த ஒரு பகுதி, புல்வெளிகளும் குளங்களும் தாராளமாகக் கிடைத்ததால் எங்கும் போகாமல் அங்கேயே தங்கிவிட்டது. வலசை போகும் வாத்து முளை வரும் காலத்தில் ஊரில் இருக்காது, தங்கின வாத்து இருக்கும். 1990களில் காட்டு அரிசி ஏக்கர் கணக்கில் மறைந்தது. விதை சேமிப்பு இல்லாத செடி என்பதால் சில ஆண்டுகளே போதுமானதாக இருந்தது. வேலி போட்டு வாத்தைத் தடுத்த இடங்களில் அரிசி வளர்ந்ததால் குற்றவாளி யார் என்பதில் சந்தேகமும் இருக்கவில்லை. பிறகு வேலி, மறுநடவு, வாத்து எண்ணிக்கையைக் குறைப்பது என்று பல ஆண்டு உழைப்பில் பெரும்பகுதி திரும்பி வந்தது. இலையுதிர்காலத்தில் வலசை போகும் சோரா போன்ற நீர்க்கோழி இனங்களுக்கு அந்த அரிசிதான் வழிச்சாப்பாடு, அதனால் இது ஒரு செடியோடு நிற்கிற விஷயமும் இல்லை.

இதற்கு நேர்மாறாக, தொந்தரவையே நம்பிப் பிழைக்கிற செடிகளும் உண்டு. மஸ்க்ரட் என்ற நீர்வாழ் கொறித்துண்ணி சம்பையும் கிழங்குகளையும் தின்று சதுப்புக்குள் வழுக்கை விழுந்த திட்டுகளை உண்டாக்கும். நெட்டிச் செடியின் இனத்தைச் சேர்ந்த ஈஸ்கினோமினி வர்ஜினிகா என்கிற ஓராண்டுச் செடி இந்த மாதிரித் திறந்த திட்டுகளைத் தேடித்தான் முளைக்கிறது. அடர்ந்த சதுப்பில் அதற்கு இடமில்லை. அமெரிக்க அரசு 1992இல் அதை அழியும் அபாயமுள்ள இனங்களின் பட்டியலில் சேர்த்தது. எல்பே ஆற்றில் ஹாம்பர்க்கைச் சுற்றிய ஓதப் பகுதியில் மட்டும், உலகில் வேறெங்கும் இல்லாமல், ஈனாந்தே கோனியாய்டிஸ் என்று ஒன்று இருக்கிறது, வெள்ளைக் குடைப்பூ வைக்கும் செடி. அதுவும் ஓதம் அலசிவிட்ட வெறும் சேற்றில்தான் முளைக்கும். ஹாம்பர்க் துறைமுகத்துக்குப் பெரிய கப்பல்கள் வர எல்பேயை ஆழப்படுத்தும் திட்டம் நீதிமன்றத்துக்குப் போனபோது, 2017 பிப்ரவரியில் ஜெர்மனியின் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் இந்தச் செடிக்கான ஈடு செய்யும் ஏற்பாடுகள் போதாது என்று சொல்லி, திட்டத்தைத் திருத்திக்கொண்டு வரச் சொன்னது. கியூபெக் நகரை ஒட்டிய செயின்ட் லாரன்ஸ் கரையில், பல மீட்டர் ஓதம் ஏறும் நன்னீரில், விக்டோரின் ஜென்ஷியன் என்ற நீலப் பூச்செடியும் இதே மாதிரி அந்தப் பகுதிக்கு மட்டுமே உரியது. இத்தனை சின்னப் பரப்பில் இத்தனை உள்ளூர் இனங்கள் என்பது தற்செயல் இல்லை. ஓதமும் நன்னீரும் சேர்ந்து கிடைக்கும் இடம் ஒவ்வொரு ஆற்றிலும் தனித் தீவு, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக நடுவே கடல்.

இந்தச் சதுப்புகளை ஆதி இயற்கை என்று நினைத்துக்கொண்டு பேசுகிறவர்களுக்கு ஒரு செய்தி. மேரிலாந்தின் ஓட்டர் பாயின்ட் கிரீக் பகுதியில் சேற்றை ஆழமாகத் துளைத்தெடுத்து அதிலுள்ள விதைகளையும் மகரந்தத்தையும் பார்த்த ஆய்வில், ஐரோப்பியக் குடியேறிகள் 18ஆம் நூற்றாண்டில் காடுகளை வெட்டி உழுத பிறகு ஆற்றோடு வந்த மண்தான் திறந்த நீர்ப்பரப்பாக இருந்த பல இடங்களைச் சதுப்பாக்கியது என்று தெரிந்தது. தெற்கே தென் கரோலினா, ஜார்ஜியா ஆறுகளில் நடந்தது இன்னும் பெரிது. அங்கே ஓத நன்னீர்க் காடுகளை வெட்டி, கரை கட்டி, உயர் ஓதத்தில் மதகைத் திறந்து நன்னீரை வயலுக்குள் விட்டு, தாழ் ஓதத்தில் வடித்து, நெல் விளைவித்தார்கள். வேலை முழுவதும் அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்களுடையது, அவர்களில் பலர் மேற்கு ஆப்பிரிக்காவில் நெல் தெரிந்தவர்கள். அடிமை முறை ஒழிந்து, புயல்களும் அடித்து, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தச் சாகுபடி முடிந்தது. கரைகள் உடைந்த வயல்களில் முதலில் நீருக்கடியில் வளரும் செடிகள், பிறகு மிதப்பவை, வண்டல் ஏற ஏற நிமிர்ந்து நிற்பவை என்று வரிசையாக வந்தன. கூப்பர் ஆற்றில் இந்த வரிசையை ஒரே பயணத்தில் வெவ்வேறு வயல்களில் இன்றும் பார்க்கலாம். எந்தக் கரை எப்போது உடைந்தது என்பதைச் செடிகளே சொல்லிவிடும்.

ஓதத்தை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு நெதர்லாந்தின் பீஸ்போஷ் உதாரணம். 1421இல் வந்த பெருவெள்ளத்தில் பிறந்த சதுப்பு அது. நாணல், கோரை, கூடை முடையும் வில்லோ எல்லாம் இரண்டு மீட்டர் ஓதத்தில் விளைந்தன. 1970இல் ஹரிங்ஃப்ளீட் முகத்துவாரம் அடைக்கப்பட்டதும் ஓதம் இருபது முப்பது சென்டிமீட்டராகச் சுருங்கியது. தண்ணீர் அதே நன்னீர்தான், மண்ணும் அதே மண்தான். ஆனால் நாளுக்கு இருமுறை மூழ்கி எழாத நிலத்தில் காஞ்சொறி வகைகளும் வில்லோ புதர்களும் நாணலையும் கோரையையும் அமுக்கிவிட்டன. 2018இல் மதகுகளைக் கொஞ்சமாவது திறந்து வைக்கும் ஏற்பாடு தொடங்கியது, மீன்களின் வலசைக்காகத்தான் முக்கியமாக.

உப்பு வந்தால் என்ன ஆகும் என்பதற்கு சவானா ஆறு. துறைமுகக் கால்வாயில் வண்டல் சேராமல் இருக்க 1977இல் ஒரு ஓத மதகு அங்கே இயங்கத் தொடங்கியது. அதன் விளைவாக உப்பு மேலே ஏறி, சவானா தேசிய வனவிலங்குக் காப்பிடத்தின் நன்னீர்ச் சதுப்பு சுருங்கியது, உப்பைப் பொறுக்கும் சில இனங்கள் இடத்தைப் பிடித்தன. 1991இல் மதகை நிறுத்தியதும் உப்பு இறங்கியது, நன்னீர்ச் செடிகளில் ஒரு பகுதி திரும்பியது. உப்பு செடியை நேராகத் தாக்குவது மட்டும் பிரச்சினை இல்லை. கடல்நீரோடு சல்ஃபேட் வரும். அதுவரை மீத்தேன் உண்டாக்கிக்கொண்டிருந்த சேற்றில் சல்ஃபேட்டை உண்ணும் பாக்டீரியா ஆதிக்கம் பெற்று ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளியிடும், அந்த அழுகிய முட்டை நாற்றமுள்ள வாயு வேருக்கு நஞ்சு.

நாணலைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்கச் சதுப்புகளில் ஐரோப்பிய நாணல் ஒரு சுவர் மாதிரி பரவி மற்றதையெல்லாம் ஒழித்துக்கட்டுகிறது. உள்ளூர் நாணலும் உண்டு என்பதால் இது வந்தேறியா இல்லையா என்ற சண்டை நெடுநாள் நடந்தது. 2002இல் கிறிஸ்டின் சால்டன்ஸ்டால் பழைய உலர்தாவரத் தொகுப்புகளிலிருந்த மரபணுவை இன்றைய செடிகளோடு ஒப்பிட்டு, பரவுவது யூரேசிய வம்சம் என்று காட்டினார். அது உள்ளே வந்தால் ஆண்டின் மூன்று காடுகளும் ஒன்றாகிவிடும். அதன் காய்ந்த தாள் மக்காமல் நின்று, வசந்தத்தில் திறந்த சேறு என்பதையே இல்லாமல் செய்துவிடுகிறது.

அழிந்ததைத் திரும்பக் கட்டுவதும் மட்டத்தின் கணக்குதான். வாஷிங்டன் நகரின் அனகோஸ்டியா ஆற்றில் 1993இல் கெனில்வொர்த்தில் தூர்வாரிய வண்டலைக் கொட்டி மட்டத்தை உயர்த்திச் சதுப்பு அமைத்தார்கள். நட்டது போக, நடாத பல இனங்கள் ஓதத்தோடு விதையாக வந்து சேர்ந்தன. கொஞ்சம் கீழே கிங்மனில் 2000இல் அதே முயற்சி. வண்டல் அமுங்கி மட்டம் தாழ்ந்தது, தங்கின வாத்துகள் நாற்றுகளை மேய்ந்தன, நட்டதில் பெரும்பகுதி சில ஆண்டுகளில் திரும்பவும் வெறும் சேறானது. பக்கத்துப் பக்கத்து இடம், ஒரே ஆறு, ஒரே நிபுணர்கள்.

கடல்மட்டம் ஏறுவதை இதோடு சேர்த்துப் பார்த்தால் சிக்கல் புரியும். உப்பின் எல்லை மேலே நகரும்போது நன்னீர்ச் சதுப்பும் கூடவே மேலே நகரவேண்டும். ஆனால் ஓதம் முடிகிற இடத்தில் அருவிகளும் பாறையும் தொடங்குகின்றன, அல்லது அணை நிற்கிறது. கப்பல் போகக்கூடிய கடைசி இடம் என்பதால் அங்கேதான் நகரங்களும் எழுந்தன: டிரென்டன், வாஷிங்டன், ரிச்மண்ட். பிலடெல்பியாவின் டினிகம் சதுப்பு ஒரு காலத்தில் 5,700 ஏக்கர், 20ஆம் நூற்றாண்டின் நடுவில் சுமார் 200 ஏக்கராகிவிட்டது. மேலே போக இடம் எங்கே இருக்கிறது?

மேரிலாந்தில் ஆண்ட்ரூ பால்ட்வினின் சோதனைகள் காட்டியது இன்னொன்று. நீர்மட்டம் சில சென்டிமீட்டர் உயர்ந்தாலே ஓராண்டுச் செடிகளின் முளைப்பு கணிசமாகக் குறைகிறது, முளைத்துவிட்ட செடியோ பல்லாண்டுக் கிழங்கோ அதே உயர்வைச் சமாளித்துவிடும். உப்புக்கும் ஏறக்குறைய இதே கதைதான், முளை தாங்காத அளவை முதிர்ந்த சம்பு தாங்கிக்கொள்ளும். ஆகவே ஒரு சதுப்பு மாறத் தொடங்கிய பிறகும் பல கோடைகளுக்குப் பச்சையாகவே தெரியும், வான்வழிப் படத்தில் எந்த வித்தியாசமும் இருக்காது, குறைவது இனங்களின் எண்ணிக்கை மட்டும்தான். கண்காணிக்கப் போகிறவர்கள் ஆகஸ்டில் படகில் சுற்றிவந்து உயரமாக நிற்பதைக் குறித்துக்கொண்டால் பிரச்சினை தெரியாது. ஏப்ரலில், தாழ் ஓதத்தில், ஒரு சதுர மீட்டர் சட்டத்தைச் சேற்றில் வைத்து முளைகளை எண்ணினால்தான் தெரியும்.